ஒரே கொப்பியில் எழுதட்டும்

கேள்வி: விபத்தில் தலையில் அடிபட்ட தம்பியை ராகமையில் இயன்மருத்துவரும், இங்கே பேச்சுச் சிகிச்சையாளரும் பார்க்கிறார்கள். ஒருவர் சொல்வது மற்றவருக்குத் தெரிவதில்லை. என்ன செய்யலாம்?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: தம்பியிடம் சொல்லி அனுப்பாதீர்கள், பாவம்; மூளைக் காயத்தில் புதிதாகக் கேட்டதுதான் முதலில் நழுவும். ஒரு சீஆர் கொப்பி (கெட்டி அட்டைக் கொப்பி) வாங்குங்கள். முதற்பக்கத்தில் டயக்னோசிஸ் காட்டின் (ஆஸ்பத்திரி தரும் நோய் விவர அட்டையின்) பிரதி; வலிப்பு மாத்திரை எடுப்பவரென்றால் அதன் பெயர், மில்லிகிராம், நேரம். அந்த மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு திரும்பலாம். பிறகு பார்ப்பவர் ஒவ்வொருவரும் திகதியிட்டு இரண்டு வரி.

விழுங்கச் சிரமமென்றால், ‘தண்ணீரைத் தடிப்பாக்குங்கள்’ என்று மட்டும் எழுதினால் போதவே போதாது. 200 மில்லிலீற்றருக்கு எத்தனை கரண்டி தடிப்பாக்கும் தூள் என்று பேச்சுச் சிகிச்சையாளரையே எழுதச் சொல்லுங்கள். நீர்த்திருந்தால் மூச்சுக்குழாய்க்குள் இறங்கி நியூமோனியா வரலாம். மயக்கம் கூடினால், வாந்தி தொடர்ந்தால் உடனே 1990 அம்புலன்ஸை அழையுங்கள். கொப்பியும் கூடவே போகட்டும்.