மெஸ்ஸி பக்கத்தில் ஆடு எதற்கு?

வாசகி, தூத்தூர்: எங்கள் ஊர்ப் பையன்கள் கால்பந்து போட்டிக்கு வைத்த ஃப்ளெக்ஸில் மெஸ்ஸிக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளாட்டுப் படம். கீழே பெரிய ஆங்கில எழுத்தில் ‘கோட்’. என் மாமியார், “எந்தக் கோயிலுக்கு நேர்ந்துவிட்ட ஆடு?” என்று கேட்கிறார். மகனோ, “அது ராப் வார்த்தை, உங்களுக்குப் புரியாது” என்கிறான். புரியும்படி சொல்லுங்கள் சார்.

பதில்: அந்த ஆட்டை யாரும் அறுக்கப் போவதில்லை என்று மாமியாரிடம் முதலில் சொல்லிவிடுங்கள். ‘கிரேட்டஸ்ட் ஆஃப் ஆல் டைம்’ என்ற நான்கு சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் ஆங்கிலத்தில் ஆட்டைக் குறிக்கும் சொல் வருகிறது. இதுவரை வந்தவர்களிலேயே பெரியவன் என்று பொருள். ஆட்டுப் படம் அந்த எழுத்துப் பொருத்தத்தால் வந்த வேடிக்கை, அவ்வளவுதான். 2022 உலகக் கோப்பையை அர்ஜென்டினா வென்ற பிறகு உங்கள் கடற்கரைப் பையன்களிடம் இதை மறுத்துப் பேச எனக்குத் துணிவில்லை.

உங்களுக்குப் புரியாததில் வெட்கமே வேண்டாம். முப்பது வருடம் ஆங்கிலம் நடத்திய நானே இந்த ஆட்டிடம் முட்டுப்பட்டவன். ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால், ‘என் தந்தை’ என்று கட்டுரை எழுதச் சொன்னேன். குலசேகரம் பக்கத்துப் பையன் ஒருவன், ‘மை ஃபாதர் இஸ் தி கோட் ஆஃப் டேப்பிங்’ என்று எழுதியிருந்தான். அவன் அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுகிறவர். நான் சிவப்பு மையால் வட்டம் போட்டு, ‘மனிதன், ஆடு அல்ல’ என்று எழுதித் திருப்பிக் கொடுத்தேன். பையன் மேசைப் பக்கம் வந்து நின்றான். “சார், அப்பா தலையில லைட்டக் கெட்டிட்டு விடியும் முன்ன முந்நூறு மரம் வெட்டுவாரு. ஒரு மரத்துலயும் காயம் இருக்காது. பால் நேரா செரட்டையிலதான் விழும். அதான் சார் கோட்டுன்னு எழுதினேன்” என்றான். அவன் பெரிய எழுத்தில் எழுதாமல் சின்ன எழுத்தில் எழுதியிருந்தான், அது ஒன்றுதான் பிழை. சிவப்பு வட்டத்தை அடிக்க முடியாமல் பக்கத்தில் ‘கொள்ளாம்’, அதாவது நன்றாயிருக்கிறது என்று நம் ஊர்த் தமிழில் எழுதிக் கொடுத்தேன்.

அந்தச் சின்ன எழுத்து சாதாரண விஷயமில்லை. அமெரிக்க விளையாட்டுப் பக்கங்களில் பல காலம் ‘கோட்’ என்றால் தன் தவறால் சொந்த அணியைத் தோற்க வைத்தவன். நம் ஊர்ப் பேச்சில் பலிகடா. 1986 பேஸ்பால் இறுதித் தொடரில் பாஸ்டன் அணியின் பில் பக்னர் காலிடுக்கில் பந்தை விட்டார். அதற்குப் பிறகு வருடக்கணக்காக அவர் தலையில்தான் இந்த ஆட்டைக் கட்டினார்கள். ஒரே ஒலி, ஒன்று கழுத்தில் மாலை, இன்னொன்று கழுத்தில் கத்தி.

மாலை எப்படி வந்தது? குத்துச்சண்டை வீரர் முகமது அலியிடமிருந்து. பெயர் மாற்றிக்கொள்வதற்கு முன்பே, 1963இல், ‘நானே மிகப் பெரியவன்’ என்ற பொருளில் தலைப்பிட்டு ஒரு பேச்சு இசைத்தட்டே வெளியிட்டார். எதிராளியை எதுகை போட்டுத் திட்டுவதும், தன்னைத் தானே தூக்கி வைப்பதும் அவருக்குக் கைவந்த கலை. பின்னால் வந்த ராப் பாடகர்கள் அவரைத் தங்கள் மூத்த அண்ணனாகப் பார்த்தார்கள். 1992இல் அவர் மனைவி லோனி அலி, இந்த நான்கு எழுத்தையே பெயராக வைத்து அவருக்காக ஒரு நிறுவனம் பதிவு செய்தார். 2000இல் நியூயார்க் ராப் பாடகர் எல்.எல். கூல் ஜே அதே எழுத்துகளுக்கு நடுவே புள்ளி வைத்து ஒரு ஆல்பத்துக்குத் தலைப்பாக்கினார். அது அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அதற்குப் பிறகு புள்ளிகள் உதிர்ந்தன, நாலு எழுத்தும் ஒரே மூச்சில் ‘கோட்’ ஆனது. மெரியம்-வெப்ஸ்டர் அகராதி 2018இல் சேர்த்துக்கொண்டது.

‘தன்னைத் தானே புகழ்வதா, இது என்ன நாகரிகம்?’ என்று உங்கள் மாமியார் அடுத்துக் கேட்பார். புலவன் தன்னைப் புகழலாம் என்று நன்னூலே நான்கு இடங்களில் அனுமதி தருகிறது: அரசனுக்கு ஓலை எழுதும்போது, தன் திறமை தெரியாதவர்களுக்கு நடுவே, அவையில் வெல்ல வேண்டிய நேரத்தில், எதிராளி பழிக்கும்போது. கடைசி இரண்டையும் ஒரு மேடையில் போட்டு மைக் கொடுத்தால் அதுதான் ராப் போட்டி. பவணந்தி முனிவர் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே விதி எழுதிவிட்டார், தாளம் மட்டும்தான் பாக்கி.

பயன்படுத்தும் முறை: முன்னால் ‘தி’ வர வேண்டும், ஆள் ஒருவன்தானே. ஆனால் இப்போது ‘கோட்களில் ஒருவர்’ என்றும் எழுதுகிறார்கள். எல்லாக் காலத்துக்கும் பெரியவர்கள் ஏழெட்டுப் பேர்! ‘கோட்டட்’ என்று பெயரடையாக்கி பீஃப் ரோஸ்டுக்கும் சூட்டுகிறார்கள். தமிழில் எழுதினால் இன்னொரு தொல்லை: நம் எழுத்தில் ஆடும் ‘கோட்’, வக்கீல் போடுகிற கறுப்பு அங்கியும் ‘கோட்’. ஃப்ளெக்ஸில் ஆட்டுப் படம் போட்ட பையன்கள் புத்திசாலிகள்.

வாசகர், வடசேரி: வேலைக்கான விண்ணப்பத்தில் என்னைப் பற்றி இந்தச் சொல்லை எழுதலாமா?

பதில்: அரசனுக்கு எழுதும் ஓலைதானே என்று நன்னூலைக் காட்டாதீர்கள். வேண்டாம். இது நண்பர் பேச்சுக்கும் ரசிகர் சண்டைக்கும் உரிய சொல்.

வாசகர், மார்த்தாண்டம்: எனக்கு வயது 58. அலுவலகத்தில் ஒருவர் என்னைச் சிரித்துக்கொண்டே ‘ஓல்டு கோட்’ என்கிறார். பழைய ஜாம்பவான் என்று எடுத்துக்கொண்டு போன வாரம் அவருக்குச் சாயாவும் பழம்பொரியும் வாங்கிக் கொடுத்தேன். சரிதானே?

பதில்: ஐயோ. அது ராப்புக்கெல்லாம் முந்தைய ஆங்கிலம். ‘ஜொள்ளு விடுகிற கிழவன்’ என்று அர்த்தம். சாயாக் காசைத் திருப்பி வாங்கிவிடுங்கள். பழம்பொரி போனது போகட்டும்.