களனி வற்றிய ஆண்டுகளைத் தேடி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கொழும்புக்குக் குடிநீர் தரும் களனி கங்கையின் பழைய வறட்சிகளைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, நீரியலைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் எழுதிய பதில்கள் இவை. ஒரே விடயத்தைக் கேட்டவர்களின் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி (வெள்ளவத்தை): ஐயா, களனி என்றாலே எங்களுக்கு வெள்ளம்தான் நினைவுக்கு வருகிறது. அந்த ஆற்றில் போய் வறட்சியை ஆராய்வானேன்?

பதில்: நீங்கள் கேட்டதிலேயே பிரச்சினை இருக்கிறது. வெள்ளத்தை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம், பதிவும் செய்திருக்கிறோம். கொழும்பின் நாகலகம் வீதி நீர்மட்ட அளவுகோலில் களனி எத்தனை அடி ஏறியது என்பதற்கு 19ஆம் நூற்றாண்டிலிருந்தே குறிப்புகள் உண்டு. ஆற்றில் நீர் எவ்வளவு குறைந்தது என்பதை அதே அளவுகோலில் பார்க்க முடியாது. அந்த இடத்தில் கடலின் ஏற்றவற்றம் தெரியும். ஆறு மெலிந்த நாளிலும் மட்டம் உயர்ந்து நிற்கும். வறட்சியை அறிய, ஆற்றின் மேற்பகுதியில் அளவுகோல்கள் உள்ள ஹங்வெல்லவுக்கும் கிளென்கோர்சுக்கும் போக வேண்டும். மலையில் வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றர் அளவில் மழை கொட்டுகிறது என்பதற்காக ஜனவரி முதல் மார்ச் வரை, கொழும்புக்குக் குடிநீர் எடுக்கும் அம்பத்தலையில் தண்ணீர் இருக்கும் என்று நம்பிவிடக்கூடாது. வருடக் கணக்கு எவ்வளவு பெரிதாக இருந்தாலும், அந்த மூன்று மாதம் தனியாகவே நம்மைச் சோதிக்கும்.

கேள்வி (மொறட்டுவை, மாணவர்): அளவுகோல் வைப்பதற்கு முந்திய ஆற்றோட்டத்தை எப்படிக் கணிக்கிறார்கள்?

பதில்: உலகில் இதற்கு அதிகம் பயன்பட்டவை மரங்கள்தான். அமெரிக்காவின் கொலராடோ ஆற்றைப் படித்துப் பாருங்கள், தம்பி. 1922இல் ஏழு மாநிலங்கள் அந்த ஆற்றைப் பங்கிட்டுக்கொண்டன: ஆற்றின் மேற்பகுதி மாநிலங்களுக்கு ஆண்டுக்கு 75 இலட்சம் ஏக்கர் அடி, கீழ்ப்பகுதி மாநிலங்களுக்கும் அதே அளவு. (ஓர் ஏக்கர் நிலத்தில் ஓர் அடி ஆழத்துக்கு நிற்கும் நீரே ஓர் ஏக்கர் அடி.) 1944இல் மெக்சிக்கோவுக்கு இன்னும் 15 இலட்சம் ஏக்கர் அடி உறுதியளிக்கப்பட்டது. கையில் இருந்ததோ சில பத்தாண்டுகளின் அளவீடு மட்டுமே. 1976இல் மர வளையங்களைக் கொண்டு பழைய ஓட்டத்தைக் கணித்தபோது, நீண்டகாலச் சராசரி ஏறத்தாழ 135 இலட்சம் ஏக்கர் அடி என்று வந்தது. பின்வந்த ஆய்வுகள் அதைச் சற்று உயர்த்தின. ஆனாலும் பங்கிட்ட தொகை ஆற்றில் இல்லை என்ற முடிவு மாறவில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் பல நூற்றாண்டுகளிலேயே மிக ஈரமான காலங்களுள் ஒன்று. அதைப் போய் வழமை என்று எடுத்துக்கொண்டார்கள். இன்று லேக் மீட், லேக் பவல் நீர்த்தேக்கங்கள் இறங்கிக் கிடப்பதற்கு அந்த ஒப்பந்தமும் ஒரு காரணம். 2007இல் வெளியான ஆய்வு கி.பி. 762 வரை பின்னோக்கிச் சென்று, 12ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பல பத்தாண்டுகள் நீடித்த ஒரு வறட்சியைக் கண்டது. அளவுகோல் வைத்த காலத்தில் அப்படி ஒன்றை எவரும் பார்த்ததில்லை.

முறை இதுதான். உயிருள்ள மரத்தில் பென்சில் தடிப்புள்ள ஒரு துண்டைத் துளைத்து எடுப்பார்கள். மரத்துக்குப் பெரிய கேடில்லை. வறண்ட ஆண்டில் வளையம் ஒடுங்கியிருக்கும். பல மரங்களின் வளையங்களை ஒன்றோடொன்று பொருத்தி ஆண்டை உறுதிசெய்து, அளவுகோல் உள்ள காலத்தோடு ஒப்பிட்டுத் தொடர்பைக் கண்டுபிடிப்பார்கள். அந்தத் தொடர்பைச் சரிபார்க்க அளவீடுகளில் ஒரு பகுதியைத் தனியே ஒதுக்கி வைப்பது கட்டாயம். அதைச் செய்யாத ஆய்வை நான் நம்புவதில்லை.

கேள்வி (கொட்டாஞ்சேனை): அப்படியானால் களனிக் கரையிலும் மரங்களைத் துளைக்கலாமே?

பதில்: துளைக்கலாம், பெரும்பாலும் பயன் கிடைக்காது. ஈர வலயத்தில் ஆண்டுக்கு இரண்டு மழைக்காலம், குளிர்காலம் கிடையாது. பல மரங்களில் ஆண்டு வளையம் தெளிவாக விழுவதில்லை. ஒரு நீண்ட வறண்ட பருவம் உள்ள கேரளத்தில் தேக்கு மரங்கள் நல்ல பதிவைத் தந்திருக்கின்றன. ஹோட்டன் சமவெளியின் சேற்றுப் படிவில் புதைந்த மகரந்தத் தூளைக் கொண்டு 20,000 ஆண்டுகளுக்கு மேலாகப் பருவமழை ஏறி இறங்கியதைப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அது நூற்றாண்டுக் கணக்கில் பேசும் சான்று. பெப்ரவரி மாதத்தில் அம்பத்தலைக்கு எவ்வளவு நீர் வந்தது என்று அதனிடம் கேட்க முடியாது.

நமக்குக் கிடைத்திருக்கும் செல்வம் மலையகத் தோட்டங்களின் மழைப் பதிவேடுகள்.

கேள்வி (ஹட்டன்): என் தாத்தா தோட்டத்துக் காரியாலயத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். அவர் காலத்து மழைப் புத்தகங்கள் சில எங்கள் வீட்டில் இருக்கின்றன. அவற்றால் ஏதும் பயன் உண்டா?

பதில்: எறிந்துவிடாதீர்கள் என்று முதலில் கேட்டுக்கொள்கிறேன். நோர்வூட், மஸ்கெலியா பகுதிகளில் பெய்யும் மழைதான் கெஹெல்கமு ஓயாவாகவும் மஸ்கெலியா ஓயாவாகவும் இறங்கிக் களனியாகிறது. 1960களில் காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்கள் வந்த பின் ஆற்றின் இயல்பான ஓட்டமே மாறிவிட்டது. மின்சாரத்துக்காகத் திறந்துவிடும் நீரும் அளவுகோலில் சேர்ந்தே தெரிகிறது. மழைக்கு அந்தக் குழப்பம் இல்லை. அன்றைய மழை தெரிந்தால் அணை இல்லாத ஆறு எப்படி ஓடியிருக்கும் என்று கணிக்கலாம்.

புத்தகத்தைத் திறந்ததும் நான் தேடுவது வெற்றுக் கட்டங்களை. மழை இல்லாத நாளில் சிலர் சுழியம் போடுவார்கள், சிலர் ஒரு கோடு இழுப்பார்கள், சிலர் ஒன்றும் எழுதமாட்டார்கள். ஒன்றும் எழுதாத கட்டம் மழை இல்லாத நாளா, யாரும் மழைமானியைப் பார்க்காத நாளா? ஞாயிறு தோறும் வெறுமையாக இருந்து திங்களன்று பெரிய எண் வந்தால், இரண்டு நாள் மழை ஒன்றாக அளக்கப்பட்டிருக்கிறது. தீபாவளி, பொங்கல் நாட்களையும் அப்படியே பாருங்கள். வெற்றுக் கட்டங்களையெல்லாம் சுழியமாகக் கணினியில் ஏற்றினால், நடக்காத வறட்சியை நாமே உண்டாக்கிவிடுவோம்.

அடுத்து, அங்குலமா மில்லிமீற்றரா என்று பாருங்கள். பழைய புத்தகங்கள் பெரும்பாலும் அங்குலத்தில் இருக்கும். மழைமானி இடம் மாறியதா, அதன் பக்கத்தில் மரம் வளர்ந்து மறைத்ததா என்பதைப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். அயல் தோட்டத்தின் பதிவு கிடைத்தால் இரண்டின் மழையையும் கூட்டிக்கொண்டே போய் ஒன்றுக்கெதிராக ஒன்றை வரைய வேண்டும். கோடு எந்த ஆண்டில் முறிகிறதோ அந்த ஆண்டில் ஏதோ மாறியிருக்கிறது.

அட்டை முதல் கடைசிப் பக்கம் வரை, ஓரக் குறிப்புகளும் தெரியும்படி படம் எடுங்கள். தாளுக்குப் பிளாஸ்டிக் உறை ஒட்டவே வேண்டாம். பிறகு வளிமண்டலவியல் திணைக்களத்தையோ தேசிய சுவடிகள் திணைக்களத்தையோ அணுகலாம். இரண்டும் கொழும்பு 7இல்தான் இருக்கின்றன.

கேள்வி (கொலன்னாவை): மழை இல்லாத காலத்தில் குழாய்நீர் உப்புக் கரிக்கும் என்கிறார்கள். அதற்கும் பழைய வறட்சிக்கும் என்ன தொடர்பு?

பதில்: நேரடித் தொடர்பு. ஆற்றோட்டம் குறைந்தால் கடல்நீர் உள்ளே ஏறும். உப்புநீர் கனமானது என்பதால் ஆற்றின் அடியோடு ஊர்ந்து வரும். பல்லாண்டு மணல் அகழ்வால் கீழ்க் களனியின் படுக்கை கடல் மட்டத்துக்கும் கீழே போய்விட்டது. அதனால் அம்பத்தலையில் நீர் எடுக்கும் இடத்தைக் காக்க ஆற்றுக்குக் குறுக்கே மணல் மூட்டைகளை அடுக்க வேண்டியிருந்தது.

இதிலிருந்து நான் வலியுறுத்த விரும்புவது ஒன்றுண்டு. களனிக்கு இரண்டு வகை வறட்சி இருக்கிறது. மழையில்லாத சில வாரங்கள் போதும், அம்பத்தலைக்கு ஆபத்து. ஆனால் நீர்த்தேக்கங்கள் அதைத் தாங்கிவிடும். அவற்றை வெறுமையாக்குவது அடுத்தடுத்து இரண்டு பருவமழை பொய்க்கும் வறட்சி. 1996இல் நாடெங்கும் மணிக்கணக்கில் மின்வெட்டு வந்தது அப்படிப்பட்ட காலத்தில்தான். இரண்டும் சேர்ந்து வந்தால் இருக்கும் நீரை மின்சாரத்துக்காகச் சேமிப்பதா, உப்பைத் தள்ளத் திறந்துவிடுவதா என்று மின்சாரத் துறையும் நீர்வழங்கல் சபையும் நெருக்கடிக்கு நடுவே பேச வேண்டியிருக்கும். அந்தப் பேச்சு மழை பெய்யும் காலத்திலேயே முடிந்து, எந்த மட்டத்தில் என்ன செய்வது என்று எழுத்தில் இருக்க வேண்டும். ‘மிகக் குறைந்த ஓட்டம் இவ்வளவு’ என்ற ஒற்றை எண் அதற்குப் போதாது. எத்தனை நாள் நீடித்தது, மொத்தம் எவ்வளவு குறைந்தது, எவ்வளவு இடைவெளியில் மீண்டும் வந்தது என்ற வரலாறு வேண்டும்.

கேள்வி (தெஹிவளை, ஆசிரியை): தாது வருடப் பஞ்சத்தைப் பற்றி எங்கள் பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன். அத்தகைய செவிவழிச் செய்திகளை விஞ்ஞானம் ஏற்குமா? காலநிலையே மாறும்போது பழையது உதவுமா?

பதில்: ஏற்கும், சரிபார்த்தபின். 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவில் மழை பொய்த்ததும், அந்தப் பஞ்சத்துக்குத் தப்பி ஏராளமானோர் இலங்கையின் கோப்பித் தோட்டங்களுக்கு வந்ததும் வரலாறு. இந்த நாட்டில் எத்தனையோ குடும்பங்களின் கதை அங்கேதான் தொடங்குகிறது. ஆனால் தமிழகத்தில் மழை பொய்த்ததால் களனியும் வற்றியது என்று எழுதிவிட முடியாது. அதற்கு இங்குள்ள பதிவு வேண்டும்.

காலநிலை மாற்றத்தைப் பொறுத்தவரை, நடந்து முடிந்த வறட்சி இனிமேல் வரக்கூடியதின் எல்லை அல்ல. முன்பு வந்தது மீண்டும் வரலாம். இம்முறை கூடுதல் வெப்பத்தோடும், கூடுதல் குடித்தொகையோடும் வரும். ஆகவே அன்றைய மழையை எடுத்து, இன்றைய அணைகள், இன்றைய தேவை, இன்றைய ஆற்றுப் படுக்கை ஆகியவற்றோடு கணினியில் ஓட்டிப் பார்க்க வேண்டும். எந்த நாளில் திட்டம் உடைகிறது என்று அது காட்டும்.

கேள்வி (பம்பலப்பிட்டி): அடுத்த வறட்சி எப்போது?

பதில்: திகதி சொல்ல முடியாது. ஆனால் பசிபிக் பெருங்கடலின் நடுப்பகுதி வழமைக்கு மேல் சூடாகும் எல் நினோ ஆண்டுகளில் களனியின் ஓட்டம் ஜனவரி முதல் செப்டெம்பர் வரை குறையவும், ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை கூடவும் சாய்வு உண்டு. ஆகையால் எல் நினோ அறிவிப்பு வந்த ஆண்டின் இறுதியில் நல்ல மழை பெய்தாலும் ஏமாந்துவிடாமல், அந்த நீரை அடுத்த மார்ச் வரை நீர்த்தேக்கத்தில் பிடித்து வைக்க வேண்டும்.