பாட்டியும் அடகு ரசீதும் – கடிதம்

அன்புள்ள சார்,

எங்கள் பாட்டி போன மார்கழியில் காலமானார். ஒரத்தநாடு பக்கம் ஒரு கிராமம். முதல் வருட நினைவு நாளுக்குச் சிறிய புத்தகம் ஒன்று போடலாம் என்று வீட்டில் முடிவுசெய்து, எழுதும் வேலையை என்னிடம் விட்டிருக்கிறார்கள். நான்கு வரிக்கு மேல் வரவில்லை. பாட்டி வாழ்க்கையில் நிகழ்ச்சி என்று எதுவும் கிடையாது. சமையல், மாடு, வயல், பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், அவ்வளவுதான். குடும்பத்துக்காகவே வாழ்ந்த தியாகி. தாத்தா இருந்த காலத்திலேயே கழுத்தில் வெறும் மஞ்சள் கயிறுதான் கிடக்கும், நகைமேல் ஆசையே இல்லாதவர். இதைக் கவிதையாக எழுதலாமா, உரைநடையாகவா? என் சித்தப்பா மகள், பாட்டி பேரன்களை ஒரு மாதிரியும் பேத்திகளை ஒரு மாதிரியும் நடத்தியதையும் எழுது என்கிறாள். இறந்தவரைப் பற்றி அப்படி எழுதலாமா?

க., பெங்களூரு

அன்புள்ள க.,

கவிதை வேண்டாம். அதைப் பற்றி மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

மஞ்சள் கயிறு என்று போகிறபோக்கில் எழுதிவிட்டு நகைமேல் ஆசை இல்லாதவர் என்று நீங்களே ஒரு காரணமும் கண்டுபிடித்துக்கொண்டீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. கல்யாணத்தில் ஒரு தாலிக்கொடி போட்டிருப்பார்கள் அல்லவா? அது எங்கே போயிற்று என்று உங்கள் வீட்டில் யாரையாவது ஒருநாளாவது கேட்டதுண்டா? நிகழ்ச்சியே இல்லை என்கிறீர்கள். அந்தக் கொடி கழுத்திலிருந்து இறங்கிய நாள் நிகழ்ச்சி இல்லையா?

நான் கொஞ்ச நாளாக இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். மன்னார்குடியில் இருக்கும் அத்தையிடம் தங்கம் விற்கும் விலையைப் பற்றிச் சும்மா பேச ஆரம்பித்தேன், பேச்சு எங்கள் அப்பாயியின், அதாவது அப்பாவைப் பெற்ற பாட்டியின், நகைகளுக்குப் போய்விட்டது. இரட்டை வடச் சங்கிலி, அட்டிகை, ஆறு வளையல், தோடு, கொடி என்று வரிசையாகச் சொன்னார். ஒவ்வொன்றும் எந்த வருஷம், எதற்காக வீட்டைவிட்டுப் போனது, திரும்பி வந்ததா இல்லையா என்பதுவரை அவருக்குத் தெரிந்திருந்தது. என் அப்பாவுக்கும் சித்தப்பாக்களுக்கும் அதில் பாதிகூடத் தெரியாது. இத்தனைக்கும் அந்த நகையில் படித்தவர்கள் அவர்கள்தான்.

டெல்டாவில் பிறந்தவருக்கு இதை விளக்க வேண்டியிருப்பதே வருத்தம். மேட்டூரில் தண்ணீர் இருந்தால் ஜூன் 12 அணை திறப்பு. அதே ஜூனில்தான் பள்ளிக்கூடமும் திறக்கிறது. விதைநெல், உழவுகூலி, நாற்றங்கால் செலவு எல்லாம் ஒரு பக்கம், ஃபீஸ், நோட்டு, யூனிஃபாரம் இன்னொரு பக்கம், கையில் காசு இல்லாத மாதம் பார்த்து எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும். அப்போது சங்கிலி அடகுக் கடைக்குப் போகும். தை அறுவடை முடிந்து நெல் போட்ட பணம் வந்ததும் வட்டி கட்டித் திருப்புவார்கள். நடுவில் ஆவணியில் கல்யாணம் ஏதாவது வந்தால் சிதம்பரம் கவரிங்கை மாட்டிக்கொண்டு அப்பாயி முன்வரிசையில் போய் உட்காருவார். சங்கிலிதான் முதலில் போகும், தோடு கடைசிவரை போகாது. காது மூளியாக இருந்தால் ஊருக்குத் தெரிந்துவிடும், தெரிந்தால் அடுத்த கடன் பிறக்காது. இது தியாகமா நிர்வாகமா, நீங்களே சொல்லுங்கள்.

தாத்தா கேட்டதும் கழற்றிக் கொடுத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார் என்றும் எழுதிவிடாதீர்கள். எவ்வளவு வேண்டும், எதற்கு, எப்போது திரும்பும் என்று கேட்டுத்தான் பெட்டியைத் திறப்பார். பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்க வேண்டும் என்று தாத்தா கேட்டபோது முடியாது என்றுவிட்டார். தாத்தா கோபித்துக்கொண்டு சில நாள் வீட்டில் சாப்பிடவில்லையாம். அப்பாயி வழக்கம்போல் சமைத்து மூடி வைத்துவிட்டு வயலுக்குப் போய்விட்டார். தேர்தல் முடிந்தது, தாத்தாவும் சாப்பிட வந்தார்.

1977 நவம்பர் 12, நாகப்பட்டினம் புயல். எங்கள் பக்கம் சம்பா தண்ணீரில் கிடந்தது. தையில் அறுக்க ஒன்றுமில்லை, திருப்பப் பணமுமில்லை. வட்டி ஏறி ஏறி அட்டிகை அடகிலேயே மூழ்கிப்போனது. எங்கள் வீட்டில் இந்தப் புயலைப் பற்றிச் சாய்ந்த தென்னை, செத்த மாடு, பிரிந்த கூரை என்று ஆயிரம் கதை உண்டு. அட்டிகை போன கதையை மட்டும் ஆண்கள் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ரசீதும் தாத்தா பெயரில்தான். பெண்ணின் சீதனம் அவளுடைய முழுச் சொத்து, புகுந்த வீட்டுக்குப் போனதால் கணவன் அதில் கூட்டுச் சொந்தக்காரன் ஆகிவிடுவதில்லை என்று உச்ச நீதிமன்றம் 1985-இல் சொன்னது. நல்ல தீர்ப்பு. அதற்குள் எங்கள் அப்பாயியிடம் தீர்ப்பு செல்லுபடியாக மிஞ்சியிருந்தது தோடு மட்டும்.

சமையல், மாடு, வயல் என்று மூன்று சொல்லில் முடித்திருக்கிறீர்கள். அந்த உழைப்பைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 2019-இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில் தங்கள் வீட்டுவேலையைச் செய்யும் பெண்கள் அதற்குச் செலவிடுவது நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம் என்று வந்தது. உங்கள் பாட்டி காலத்தில் எடுத்திருந்தால் அந்த 97-ஐப் பார்த்துச் சிரித்திருப்பார்கள். அதை எழுதுகிறவர்கள் எழுதட்டும், நகையை யாரும் எழுதுவதில்லை.

சரி, உங்கள் சித்தப்பா மகள். அவள் உங்களைவிட நன்றாகப் பாட்டியைப் பார்த்திருக்கிறாள். எங்கள் அப்பாயியின் வளையல்கள் மூன்று மகன்களின் படிப்புக்குப் போயின. அத்தையை எட்டாவதோடு நிறுத்தினார்கள். நிறுத்தியது தாத்தா இல்லை, அப்பாயியேதான். வளையல் இருந்தது, மனம் இல்லை. 1989-இல் தமிழ்நாட்டில் சட்டம் திருத்தி மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்றார்கள். அதற்கு முன்பே கல்யாணம் ஆனவர்களுக்குக் கிடையாது என்று அப்போது இருந்ததால் அத்தைக்கு அதுவும் இல்லை. தாத்தா போன பிறகு, அவர் பங்கில் மகளுக்கு வரவேண்டியது இருந்ததே, அதையும் அண்ணன் தம்பிகளுக்கு விட்டுக்கொடுத்து அத்தை விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். ரிஜிஸ்டர் ஆபீஸுக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பக்கத்தில் நின்றது யார் என்று நினைக்கிறீர்கள்? அப்பாயிதான். அதே அப்பாயி படுக்கையில் விழுந்தபோது மகன்கள் வீட்டில் இருக்க மாட்டேன் என்று அடம்பிடித்து இந்த அத்தை வீட்டில்தான் வந்து கிடந்தார். குடும்பம் குடும்பம் என்று உயிரை விட்டவர்தான், ஆனால் அந்தக் குடும்பத்தில் யார் உள்ளே யார் வெளியே என்று அவர் மனதில் ஒரு கோடு இருந்தது. அதை விட்டுவிட்டு எழுதினால் அது எங்கள் அப்பாயி இல்லை, காலண்டரில் வரும் யாரோ ஒரு அம்மாள். கோபம் இல்லையா அத்தை என்று கேட்டேன். "அப்ப அதான் கணக்கு" என்றார். சொல்லிவிட்டு, கடைசி நாட்களில் அப்பாயி ரசம்சாதத்துக்கு என்னென்ன தொட்டுக்கொள்ளக் கேட்டார் என்று அரைமணி நேரம் பேசினார்.

அதனால் எழுதுங்கள். மரியாதைக் குறைவாகிவிடும் என்றெல்லாம் பயப்படாதீர்கள். அடகு வைத்ததையும் ஓரவஞ்சனை செய்ததையும் ஒரே பக்கத்தில் எழுதலாம், இரண்டையும் செய்தது ஒரே ஆள்தான்.

விவரத்துக்கு உங்கள் அப்பாவிடமோ பெரியப்பாவிடமோ போகாதீர்கள். சர்வே நம்பர் சொல்வார்கள், ஏக்கர் சொல்வார்கள், அதற்கு மேல் அவர்களுக்குத் தெரியாது. உங்கள் அத்தைகளைக் கேளுங்கள், பாட்டியின் ஓரகத்தி யாராவது உயிரோடு இருந்தால் அவரைக் கேளுங்கள். தியாகம் என்ற பேச்சை எடுத்தால் அழ ஆரம்பித்துவிடுவார்கள், எந்த நகை எந்த வருஷம் என்று கேட்டால் பேசுவார்கள். அப்புறம், கடிதம் முழுக்கப் பாட்டி பாட்டி என்றே இருக்கிறது, பெயர் இல்லை. பிறந்த ஊரும் இல்லை, அநேகமாக உங்களுக்குத் தெரியவும் தெரியாது. கண்டுபிடியுங்கள். எத்தனை பவுன் போட்டு அனுப்பினோம் என்பது அந்த வீட்டில்தான் யாருக்காவது நினைவிருக்கும். புத்தகம் அச்சுக்குப் போகும் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே பஸ் ஏறிப் போய்விட்டு வாருங்கள்.