எடை குறைந்து பிறந்த பேத்தியின் கிட்னி

கேள்வி: மகளுக்கு 37 வாரத்தில் 1.8 கிலோவில் பெண் குழந்தை. வயிற்றிலேயே வளர்ச்சி குறைவு என்றார்கள். ரெண்டாம் நாள் ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் 0.9. கிட்னி கெட்டுவிடுமோ என்று தூக்கமே இல்லை.
– ஓர் அமுச்சி, கோபிசெட்டிபாளையம்

பதில்: அந்த 0.9-ஐப் பார்த்துப் பயப்படாதீங்கம்மா. கிரியேட்டினின் என்பது கிட்னி ரத்தத்திலிருந்து வடிகட்டி வெளியேற்றும் ஒரு கழிவு. முதல் ஓரிரு நாள் குழந்தையின் ரத்தத்தில் இருப்பது பெரும்பாலும் உங்கள் மகளுடைய கிரியேட்டினின்தான். அடுத்த வாரங்களில் அது இறங்குகிறதா என்று மறுபடி எடுத்துப் பார்ப்பதே முக்கியம்.

ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. ரத்தத்தை வடிகட்டும் நெஃப்ரான்களில் பாதிக்கு மேல் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில்தான் உருவாகின்றன, ஏறக்குறைய 36 வாரத்தோடு அந்த வேலை நின்றுவிடும், பிறகு புதிதாக ஒன்றுகூட முளைக்காது. அந்தச் சமயத்தில் நஞ்சுக்கொடி வழியாகச் சத்து சரியாகப் போகவில்லை என்றால் எண்ணிக்கை குறையலாம், இருப்பவை கூடுதல் பாரம் சுமக்கும். அதனால் வளர்ந்தபின் ரத்த அழுத்தம் ஏற, சிறுநீரில் புரதம் போக வாய்ப்பு சற்று அதிகம். எல்லோருக்கும் வருவதில்லை.

இப்போதைக்குத் தாய்ப்பால். முதல் வாரம் கடந்தபின் தினம் ஆறு துணியாவது நன்றாக நனைய வேண்டும். துணியில் செங்கல் நிறக் கறை தெரிந்தால் பால் போதவில்லையா என்று டாக்டரிடம் காட்டுங்கள். வெயிலுக்கென்று தண்ணீரோ, உரை மருந்தோ தயவுசெய்து வேண்டாம். டிஸ்சார்ஜ் சீட்டைப் பத்திரமாக வையுங்கள், எந்த டாக்டரிடம் போனாலும் பிறந்த எடையைச் சொல்லி, ரத்த அழுத்தத்தைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். வலி மாத்திரைகளைக் கடையில் கேட்டு வாங்கித் தராதீர்கள். அப்புறம், சீக்கிரம் கொழுகொழுவென்று ஆக வேண்டும் என்று திணிக்கவும் வேண்டாம்.