பதில்: பிளஸ் டூவில் கணக்கு இல்லை, பி.காம்.-இல் புள்ளியியல் வருகிறது

கணக்குப் பாடமே இல்லாத குரூப்பில் படித்தேன், வகுப்பு தொடங்க மூன்று வாரம்தான் இருக்கிறது, பயமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்று வாரம் தாராளம். நானும் அதே குரூப்பிலிருந்து வந்தவள்தான்.

முதல் வாரம் புள்ளியியலைத் தொடவே வேண்டாம். பின்னம், சதவீதம், வர்க்கமூலம், சிக்மா குறி (Σ, 'எல்லாவற்றையும் கூட்டு' என்று பொருள்) இவற்றை மட்டும் பாருங்கள். நான் திணறியது சூத்திரத்தில் இல்லை. Σx²-க்கும் (Σx)²-க்கும் வித்தியாசம் தெரியாததில்தான். 1, 2, 3 எடுத்துப் போட்டுப் பாருங்கள்: முதலாவது 14, இரண்டாவது 36.

அப்புறம் சராசரி, இடைநிலை (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்), திட்டவிலக்கம் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு). இதில் அவசரப்படாதீர்கள். 48, 49, 50, 51, 52 ஒரு பக்கம். 10, 30, 50, 70, 90 இன்னொரு பக்கம். இரண்டுக்கும் சராசரி 50. ஆனால் திட்டவிலக்கம் முதலாவதற்குச் சுமார் 1.41, அடுத்ததற்கு 28.28. இதைக் கையால் ஒருமுறை போட்டுவிட்டால், அது எதை அளக்கிறது என்பது மறக்காது. சில புத்தகங்களில் திட்டவிலக்கம் போடும்போது n-க்குப் (எண்களின் எண்ணிக்கை) பதில் n-1-ஆல் வகுப்பார்கள். அது மாதிரிக்கூறுக்கானது (மொத்தத்திலிருந்து எடுத்த ஒரு பகுதி), குழம்ப வேண்டாம்.

நிகழ்தகவுக்கு ஒரு நாணயம், ஒரு பகடை போதும்.

தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் பதினோராம் வகுப்பு வணிகக் கணிதம் மற்றும் புள்ளியியல் புத்தகம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. புள்ளியியல் பகுதியை மட்டும் எடுத்து, தினமும் நான்கு கணக்கு போடுங்கள். வீடியோ பார்ப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். எங்கேயாவது சிக்கினால் அந்தக் கணக்கை அப்படியே இங்கே போடுங்கள், சேர்ந்து பார்க்கலாம்.