வாங்கும் முன்: எடை குறைக்கும் விதிகளும் அவற்றின் விலையும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் எடை குறைப்பதைப் பற்றியவை. மிக்ஸி, தண்ணீர் ஃபில்டர் கேள்விகள் அடுத்த முறைக்குப் போகின்றன. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: காலை 10 முதல் மாலை 6 மணிக்குள் மட்டும் சாப்பாடு. இந்த ஒரே விதியால் எடை குறையுமா? இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு ஆப் மூன்று மாதத்துக்கு 2,400 ரூபாய் கேட்கிறது. சேரலாமா? (மதுரை)

பதில்: விதியைப் பிடித்துப் பாருங்கள். ஆப்புக்குக் காசு கொடுக்காதீர்கள்.

கலிபோர்னியாவின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் 116 பேரை வைத்து 12 வாரம் இதைச் சோதித்தார்கள். நண்பகல் 12 முதல் இரவு 8 மணி வரை மட்டும் சாப்பிட்டவர்களுக்குச் சராசரியாக ஒரு கிலோகூடக் குறையவில்லை. வழக்கம்போல மூன்று வேளை சாப்பிட்டவர்களோடு சொல்லும்படியான வித்தியாசமும் இல்லை. 2022-இல் சீனாவின் குவாங்சோவில் 139 பேருக்கு ஓராண்டு ஆய்வு. எல்லோருக்கும் சாப்பாட்டின் அளவைக் குறைத்தார்கள். பாதிப் பேருக்குக் காலை 8 முதல் மாலை 4 என்று நேரமும் வகுத்தார்கள். நேரம் பார்த்தவர்களுக்கு 8 கிலோ குறைந்தது, பார்க்காதவர்களுக்கு 6.3 கிலோ. ஆய்வுக் கணக்கில் இது நிச்சயமான வித்தியாசம் இல்லை. அளவு குறைந்ததால்தான் இரு பக்கமும் எடை இறங்கியது.

அதனால் முதலில் உங்கள் வீட்டைப் பாருங்கள். இரவு ஒன்பது மணிக்கு டிவி முன்னால் மிக்சர் டப்பாவோடு உட்காருகிறவர் என்றால், ஆறு மணி விதி அந்த டப்பாவை மூடிவிடும், பலன் இருக்கும். இரவில் இரண்டு இட்லியோடு எழுந்துவிடுகிறவர் என்றால் இந்த விதிக்கு உங்களிடம் வேலையே இல்லை. இதைக் கண்டுபிடிக்க ஒரு வாரம் நோட்டில் எழுதிவைத்தால் போதும். ஏற்கெனவே சேர்ந்துவிட்டவர்கள் யுபிஐ ஆப்பைத் திறந்து, பணம் தானாகப் போக அனுமதி கொடுத்திருக்கும் ஆட்டோபே பகுதியை இன்றே பாருங்கள். அங்கேயே ரத்து செய்யலாம். சந்தாவிலிருந்து வெளியேற வழியை ஒளித்துவைப்பது 2023-இல் மத்திய அரசு தடைசெய்த 13 ஏமாற்று உத்திகளில் ஒன்று.

கேள்வி: ஏழு நாள் ஜி.எம். டயட்டில் 4 கிலோ குறைந்தது. எட்டாம் நாளிலிருந்து ஏறுகிறது. ஏன்? (ஈரோடு)

பதில்: போனது பெரும்பாலும் தண்ணீர். உடம்பு சேமித்துவைத்திருக்கும் மாவுச்சத்துக்குக் கிளைகோஜன் என்று பெயர். அதில் ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கும். சாப்பாட்டைச் சுருக்கியதும் இரண்டும் சேர்ந்து வெளியேறும், மறுபடி சாப்பிட்டதும் இரண்டும் திரும்பும்.

கேள்வி: இடுப்பைச் சூடாக்கி வேர்க்கவைக்கும் சோனா பெல்ட் கட்டினால் தொப்பை கரையுமா? (சேலம்)

பதில்: கரையாது. நான் வாங்கினேன், 1,900 ரூபாய். வேர்த்ததுதான் மிச்சம்.

கேள்வி: எடைக் குறைப்பு நிலையம் ஒன்றில் 12 கிலோ குறைப்பதாக உறுதி சொல்லி 42,000 ரூபாயை முன்கூட்டியே வாங்கினார்கள். மூன்று மாதத்தில் 2 கிலோதான் குறைந்தது. பணம் கேட்டால் ‘கட்டிய தொகை திருப்பித் தரப்படமாட்டாது’ என்று ரசீதில் இருப்பதைக் காட்டுகிறார்கள். நான் டயட் சீட்டைச் சரியாகக் கடைப்பிடிக்கவில்லையாம். வீட்டில் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. (திருநெல்வேலி)

பதில்: அம்மா, கூச்சப்பட வேண்டியவர் நீங்கள் இல்லை. உடம்பைப் பற்றிய மனக்குறையோடு வருகிறவரிடம் ஒரு எண்ணைச் சொல்லிப் பணம் வாங்கினார்கள், அந்த எண் வரவில்லை. அதற்குப் பிறகு பழியையும் உங்கள் மேல் போடுகிறார்கள். இந்தக் கடிதத்தைப் படித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

ரசீதில் அச்சிட்ட ஒரு வரி சட்டத்தை மூடிவிடாது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பொய்யான உத்தரவாதம் தரும் விளம்பரம் தவறு, குறைபாடுள்ள சேவைக்குப் பணத்தைத் திருப்பித் தர மறுப்பதும் நேர்மையற்ற வணிகம். விளம்பரத் தாள், வாட்ஸ்ஆப் செய்திகள், வாரவாரம் எடை குறித்த அட்டை எல்லாவற்றையும் எடுத்துவையுங்கள். 12 கிலோ என்று எழுத்தில் எங்காவது இருந்தால் அதுதான் உங்கள் பலம். நடந்ததைத் தேதியோடு எழுதி, 15 நாள் அவகாசம் கொடுத்து, பதிவுத் தபாலில் அனுப்புங்கள். கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், நீங்கள் கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட்டுவிட வேண்டும். என்ன ஆயிற்று என்று எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: ‘சர்க்கரை தொடுவதில்லை’ என்ற ஒரே விதியோடு ஆறு மாதமாக இருக்கிறேன். காபியில் நாட்டுச் சர்க்கரை, பிஸ்கட் ‘நோ ஆடட் சுகர்’, மாலையில் டயட் மிக்சர். எடை ஒன்றரைக் கிலோ கூடியிருக்கிறது. விதி தவறா? (சென்னை)

பதில்: விதி நல்ல விதி. அதைக் கெடுத்தது கடை. இதைப் பற்றி எழுத நான் பல மாதமாகக் காத்திருந்தேன், கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

நாளைக்கு நான்கு காபி, ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி என்றால் 40 கிராம் சர்க்கரை, 160 கலோரி. ஒரு கிலோ உடல் கொழுப்பு என்பது ஏறக்குறைய 7,700 கலோரி. வேறு எதையும் மாற்றாமல் அந்தச் சர்க்கரையை மட்டும் நிறுத்தினால், காகிதக் கணக்கில் 48 நாளைக்கு ஒரு கிலோ. நடைமுறையில் இதைவிடக் குறைவாகத்தான் வரும், ஆனாலும் செலவே இல்லாத விதி. நீங்கள் நிறுத்தவில்லை, மாற்றிக்கொண்டீர்கள். நாட்டுச் சர்க்கரையின் கலோரி வெள்ளைச் சர்க்கரையின் கலோரியை ஒட்டியேதான் இருக்கும். பிஸ்கட்டில் சர்க்கரை போடாவிட்டாலும் மைதாவும் எண்ணெயும் இருக்கின்றன. கொழுப்பு ஒரு கிராமுக்கு 9 கலோரி, சர்க்கரை 4. நூறு கிராம் பிஸ்கட் பொதுவாக 450 கலோரிக்குக் குறையாது. காலையில் நான்கு, மாலையில் நான்கு என்று போனால் ஐந்தாறு இட்லிக்குச் சமம், வயிறும் நிறையாது.

பாக்கெட்டின் முன்பக்கம் விற்பனைக்காரர் பேசும் இடம். ‘டயட்’, ‘மல்டிகிரெய்ன்’, ‘சிறுதானியம்’ எல்லாம் அங்கே இருக்கும். நாம் பின்பக்கத்தைத்தான் படிக்க வேண்டும். உட்பொருள் பட்டியலில் எடை அதிகமானது முதலில் வரவேண்டும் என்பது விதி. சிறுதானிய பிஸ்கட் என்று பெயர் வைத்துவிட்டு, பட்டியலில் மைதா முதலிலும் ராகி ஐந்தாவதாகவும் இருந்தால் அதை மைதா பிஸ்கட் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ‘சுகர் ஃப்ரீ’ என்று போட நூறு கிராமில் சர்க்கரை 0.5 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. ‘நோ ஆடட் சுகர்’ என்பது வேறு, தனியாகச் சர்க்கரை சேர்க்கவில்லை என்று மட்டும்தான் பொருள். பேரீச்சையிலோ பழத்திலோ உள்ள சர்க்கரை அப்படியே இருக்கும். இந்த இரண்டையும் ஒன்றென்று நம்பித்தான் ஒரு தீபாவளிக்கு என் அப்பாவுக்கு ஒரு கிலோ லட்டு வாங்கிக் கொடுத்தேன். பேரீச்சையும் நெய்யும் போட்டது. பையன் பார்த்துத்தான் வாங்கியிருப்பான் என்று நம்பி நாளைக்கு நான்கு சாப்பிட்டார். அந்த வாரம் அவருடைய சர்க்கரை அளவு ஏறிய ஏற்றத்தை என்னால் மறக்க முடியவில்லை.

உங்கள் விதியைக் கொஞ்சம் மாற்றி எழுதுங்கள்: இனிப்பை நிறுத்திய இடத்தில் வேறு எதையும் வாங்கி வைப்பதில்லை.

கேள்வி: வாட்ஸ்ஆப் குழுவில் மூலிகை ஸ்லிம்மிங் காபி மூன்றாம் முறையாக வாங்கினேன். இந்த முறை நெஞ்சு படபடக்கிறது, தூக்கம் இல்லை. பில் தரவில்லை. பாக்கெட்டில் முகவரியும் இல்லை. பணம் திரும்பக் கிடைக்குமா? (கோயம்புத்தூர்)

பதில்: முதலில் அதை நிறுத்துங்கள். பாக்கெட்டோடு மருத்துவரிடம் போங்கள், இன்றைக்கே. மூலிகை என்ற பெயரில் விற்கும் எடைக் குறைப்புப் பொருள்களில் சிபுட்ரமின் என்ற மருந்தைக் கலந்திருப்பது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. இதயத்துக்கு ஆபத்து என்று இந்தியாவில் 2011-இல் தடைசெய்த மருந்து அது.

பணத்தைப் பற்றி: பில் இல்லை, முகவரி இல்லை, 14 இலக்க உணவு உரிம எண் இல்லை, மூன்று முறை வாங்கியிருக்கிறீர்கள். யார் மேல் புகார் கொடுப்பீர்கள்? இதே பகுதியில் இதைப் பலமுறை எழுதிவிட்டேன். பாக்கெட்டைத் தூக்கிப் போடாமல் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் கொடுங்கள், அடுத்தவராவது தப்பிக்கட்டும். உடல் பருமனைக் குணமாக்கும் என்று மருந்தை விளம்பரம் செய்வதே 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

கேள்வி: அத்தை மகள் எடை குறைக்கும் புரோட்டீன் ஷேக் விற்கிறாள். ஒரு டின் 2,000 ரூபாய்க்கு மேல். மறுக்க முடியவில்லை. (கரூர்)

பதில்: காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு ஒரு டம்ளர் ஷேக் குடித்தால் எடை குறையும். சின்ன டம்ளர் என்பதால்தான் குறையும். நான் பக்கத்து வீட்டுக்காரர் முகத்துக்காக இரண்டு டின் வாங்கினேன், இரண்டாவதைத் திறக்கவே இல்லை. அவளுக்கு உதவ வேண்டும் என்றால் பணமாகக் கொடுங்கள்.

கேள்வி: கலோரி எண்ணும் ஆப், சமையலறைத் தராசு எல்லாம் வாங்கி முறையாகச் செய்யலாமா, அல்லது ‘இரண்டாம் முறை சோறு இல்லை’ போன்ற எளிய விதி போதுமா? (பெங்களூரு)

பதில்: எளிய விதியிலிருந்து தொடங்குங்கள். 2010-இல் வெளியான ஒரு ஆய்வில் ஜெர்மன் மொழி பேசும் 390 பெண்களைக் கவனித்தார்கள். சிலர் உணவுக்குப் புள்ளி போட்டுக் கணக்குப் பார்க்கும் முறையில் இருந்தார்கள், மற்றவர்கள் கொடுத்த சமையல் குறிப்பை அப்படியே சமைத்தார்கள். கணக்கு முறையில் இருந்தவர்களில், விதி சிக்கலானது என்று நினைத்தவர்களே பாதியில் விடும் வாய்ப்பு அதிகம். 2005-இல் அமெரிக்காவில் பிரபலமான நான்கு டயட்களை 160 பேரிடம் சோதித்தபோது, ஓராண்டில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் விட்டுவிட்டார்கள். எந்த டயட் என்பதைவிட எவ்வளவு விடாமல் செய்தார்கள் என்பதே எடையைத் தீர்மானித்தது.

எளிய விதியால் எவ்வளவு எதிர்பார்க்கலாம்? 2018-இல் ஸ்டான்ஃபோர்டில் 609 பேர். ஒரு பாதிக்குக் கொழுப்பைக் குறை, மறுபாதிக்கு மாவுச்சத்தைக் குறை என்றார்கள். இரு பக்கத்துக்கும் காய்கறி நிறைய, சர்க்கரையும் மைதாவும் வேண்டாம். கலோரி இலக்கு எதுவும் கொடுக்கவில்லை. ஓராண்டில் 5.3 கிலோவும் 6 கிலோவும் சராசரியாகக் குறைந்தது. சிலருக்கு எடை கூடவும் செய்தது. மாதம் அரைக் கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டில் நான் விதியைச் சாப்பாட்டு மேசையில் வைப்பதில்லை, மளிகைச் சீட்டில் வைக்கிறேன். நாங்கள் நான்கு பேர். மாதம் 4 லிட்டர் எண்ணெய் வாங்கினோம், ஆளுக்கு நாளைக்கு 33 மில்லி, சுமார் 270 கலோரி. அதை 3 லிட்டராக்கினோம். நாளைக்கு ஆளுக்கு எழுபது கலோரி அளவுக்குக் குறைந்தது, சாப்பிடும்போது யாரும் எதையும் எண்ண வேண்டியிருக்கவில்லை. முதல் மாதம் 24-ஆம் தேதியே தீர்ந்துவிட்டது. அப்புறம் பழகிவிட்டது. தராசு வாங்குவதை ஆறு மாதம் தள்ளிப்போடுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது. சர்க்கரைக்கு மாத்திரையும் இன்சுலினும் எடுக்கிறார். நாளைக்கு ஒருவேளை மட்டும் சாப்பிடும் விதியைத் திங்கள்கிழமை தொடங்கப்போவதாகச் சொல்கிறார். (திருச்சி)

பதில்: தொடங்க விடாதீர்கள். இன்சுலினைப் போட்டுக்கொண்டு வயிற்றைக் காயப்போட்டால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கி மயக்கம் வரலாம். மாத்திரைச் சீட்டை எடுத்துக்கொண்டு திங்கள்கிழமைக்கு முன் அவருடைய மருத்துவரைப் பாருங்கள்.