வைரஸ் மருந்து வேலைக்கு லூவன் வரலாமா?

"அக்கா, சென்னையில் கரிம வேதியியலில் பிஎச்டி முடித்துவிட்டேன். பெல்ஜியத்தில், லூவனில், வைரஸ் எதிர்ப்பு மருந்து செய்யும் குழுவில் இரண்டு வருட போஸ்ட்டாக் (பிஎச்டிக்குப் பிந்தைய ஆய்வு வேலை) கிடைத்திருக்கிறது. கோவிட் முடிந்த பிறகும் இந்தத் துறைக்கு மவுசு இருக்குமா? டச்சு தெரியாமல் காலம் தள்ள முடியுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

வாங்க தம்பி. இடத்தைப் பற்றிச் சந்தேகமே வேண்டாம். வைரஸ் மருந்து ஆராய்ச்சிக்குப் பேர்போன ரேகா (Rega) ஆய்வு நிறுவனம் இங்கேதான் இருக்கிறது. பிராகில் இருந்த வேதியியலாளர் அன்டொனின் ஹோலி மூலக்கூறுகளைச் செய்து அனுப்ப, இங்கே எரிக் டி கிளெர்க் அவற்றை வைரஸ்கள் மேல் சோதித்துப் பார்ப்பார். 1976-இல், பனிப்போர் காலத்தில் தொடங்கிய கூட்டு அது. அதிலிருந்து வந்ததுதான் டெனோஃபோவிர். தாம்பரம் சானடோரியம் மருத்துவமனையில் எச்ஐவி நோயாளிகள் தினமும் போடும் மாத்திரையிலும் அது இருக்கிறது.

அந்த மருந்தின் கதையைத் தெரிந்துகொண்டால் உங்கள் வேலை என்னவென்று புரிந்துவிடும். டெனோஃபோவிரின் பாஸ்போனேட் முனையில், அதாவது பாஸ்பரஸ் இருக்கும் முனையில், எதிர்மின்னேற்றம் அதிகம். அதனால் வாய்வழி கொடுத்தால் குடல் சுவரைத் தாண்டாது. அந்த முனையை இரண்டு வேதிக் குழுக்களால் மூடினார்கள்; டிசோப்ராக்சில் வடிவம் வந்தது, 2001-இல் அமெரிக்க அனுமதி கிடைத்தது, அளவு 300 மில்லிகிராம். ஆனால் அந்த மூடி இரத்தத்திலேயே சீக்கிரம் கழன்றுவிடும். சிறுநீரகத்துக்கும் எலும்புக்கும் சுமை. பிறகு வேறொரு மூடி கண்டுபிடித்தார்கள். அது இரத்தத்தில் தாக்குப்பிடித்து, செல்லுக்குள் போன பிறகுதான் பெரும்பாலும் கழலும். இப்போது 25 மில்லிகிராம் போதும். வைரஸைத் தடுக்கும் மூலக்கூறு அதேதான், மாறியது மூடி மட்டும். மருந்து வேதியியலில் பாதி இந்த மாதிரி வேலைதான்.

மீதிப் பாதி பொறுமை. பிரிப்புக் குழாயில் (column) ஓட்டிச் சுத்தம் செய்து, மூலக்கூறின் அமைப்பு சரியா என்று என்எம்ஆர் கருவியில் பார்த்து, 95 சதவீதத் தூய்மையில் ஐந்து மில்லிகிராம் கொடுப்பீர்கள். சில வாரம் கழித்து வைராலஜிக்காரர்கள் ஒரு எக்செல் தாள் அனுப்புவார்கள். உங்கள் வரிசையில் '>100' என்று இருந்தால், அதாவது 100 மைக்ரோமோலார் செறிவிலும் வைரஸ் அடங்கவில்லை என்றால், அந்த மூலக்கூறு போச்சு. நல்ல எண் வந்தால் உடனே குதிக்காதீர்கள். பக்கத்துக் கட்டத்தில் செல் நச்சுத்தன்மையைப் பாருங்கள். செல்லே செத்தால் வைரஸும் வளராதுதானே!

மவுசு விஷயத்துக்கு வருகிறேன். இந்தத் துறை அலை அலையாகத்தான் ஓடும். 2013-இல் சோஃபோஸ்புவிர் வந்தது. அடுத்த சில வருடங்களில் ஹெபடைடிஸ் சி பெரும்பாலும் 12 வாரத்தில் குணமாகும் நோயாகிவிட்டது. மனித குலத்துக்கு நல்ல செய்தி, எங்களுக்கு வேலை போச்சு. நான் இருந்த கம்பெனியில் ஒரு காலைக் கூட்டத்தில் மொத்தத் திட்டத்தையும் மூடினார்கள். நான் புற்றுநோய்ப் பக்கம் தாவினேன். 2020-இல் வைரஸ்காரர்களை எல்லோரும் மறுபடி தேடினார்கள். அதனால் 'நான் கொரோனா வைரஸ் ஆள்' என்று ரெஸ்யூமில் போடாதீர்கள். நியூக்ளியோசைடு (டிஎன்ஏ, ஆர்என்ஏ-வின் கட்டுமானத் துண்டு), பாஸ்பரஸ் வேதியியல், புரோட்ரக் (மேலே சொன்ன மாதிரி மூடி போட்ட மருந்து) வடிவமைப்பு என்று போடுங்கள். அது எந்த அலைக்கும் ஆகும்.

ஆய்வகத்தில் ஆங்கிலம் போதும். ஆனால் மதியச் சாப்பாட்டு மேசையில் டச்சுதான், வேலைச் செய்தி முதலில் கசிவதும் அங்கேதான். பேர்சே ஊரில் இருக்கும் யான்சென் மருந்துக் கம்பெனி போன்ற இடங்களில் நிலையாகக் காலூன்ற நினைத்தால், வந்த முதல் செப்டம்பரிலேயே மாலை வகுப்பில் சேர்ந்துவிடுங்கள். பின்னாளில் குடியுரிமைக்கும் மொழி கேட்பார்கள்.

வந்ததும் நகராட்சியில் பதிய வேண்டும். நீங்கள் உண்மையிலேயே அங்கே குடியிருக்கிறீர்களா என்று பார்க்க ஒரு போலீஸ்காரர் வீட்டுக்கு வருவார், பயப்படாதீர்கள். அழைப்பு மணியில் உங்கள் பெயரை ஒட்டி வையுங்கள், போதும். கையெழுத்துப் போடும் முன் உங்களுக்கு உதவித்தொகையா சம்பள ஒப்பந்தமா என்று கேளுங்கள்; வரிக்கணக்கு இரண்டுக்கும் வேறு. அப்புறம், வீடு தேடுவதை இப்போதே தொடங்கிவிடுங்கள். செப்டம்பரில் மாணவர் கூட்டம் வந்து இறங்கினால் ஒரு அறைகூட மிஞ்சாது.